வேலையிடத்தில் கலகலப்பு: புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு ஒரு வழிகாட்டி

டொனால்ட் ராய் ஒரு சமூகவியலாளர். அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு மாதம் சாதாரணத் தொழிலாளியாக இயந்திரத்தின் முன்னால் நின்று வேலை பார்த்தார். ஒதுக்குப்புறமான ஓர் அறை, அவரோடு இன்னும் 3 பேர். அச்சை வை, அழுத்து, வெட்டிய துண்டை எடு, மறுபடி அச்சை வை. நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் இதேதான். இப்படியே போனால் புத்தி பேதலித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

கொஞ்ச நாளில் அந்த அறையில் இன்னொன்றும் நடப்பது அவர் கண்ணில் பட்டது. ஒருவர் தினமும் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். இன்னொருவர் அதைத் திருடி, "வாழைப்பழ நேரம்!" என்று கத்திக்கொண்டே தின்பார். பழத்துக்குச் சொந்தக்காரர் சத்தம் போடுவார். ஆனால் மறுநாளும் மறக்காமல் ஒரு பழம் கொண்டுவருவார். ஒருநாள்கூட அவர் அதைச் சாப்பிட்டதில்லை. இதேபோல் பீச் பழ நேரம், ஜன்னல் நேரம், மீன் நேரம் என்று அந்த நாள் முழுக்கச் சின்னச் சின்னக் கலாட்டாக்கள் இருந்தன. நேரம் நகர்ந்தது அவற்றால்தான் என்று ராய் எழுதினார். 1959-60இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை வேலையிடத்தைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்த வாழைப்பழ நேரத்துக்கு யாரும் பட்ஜெட் போடவில்லை. கமிட்டி அமைக்கவில்லை. அந்த நால்வருக்கும் யாரும் "கலகலப்பாக இருங்கள்" என்று சொல்லவும் இல்லை.

"டீம் சோர்ந்து கிடக்கிறது, ஏதாவது செய்யுங்களேன்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அல்லது புதிதாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்று உங்களுக்கே அப்படித் தோன்றினால், இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்தை வெளியிலிருந்து வாங்கிவந்து ஓர் அலுவலகத்தில் பொருத்த முடியாது. அது அங்கேயே முளைக்கும். முளைக்கவிடாமல் எது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதும், முளைத்ததை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் உங்கள் வேலை. கீழே சொல்லும் படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் பலன் கெட்டுப்போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: ஒரு வாரம் கவனியுங்கள்

எதையும் அறிவிக்காதீர்கள். ஒரு வாரம் கண்ணையும் காதையும் திறந்து வையுங்கள், போதும்.

அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் ப்ரொவைன், பொது இடங்களில் மக்கள் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்து வைத்து ஆராய்ந்தார். ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றுக்குப் பிறகு வந்த சிரிப்பு அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்", "அட, நீயா!" போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். ஆகவே நீங்கள் தேட வேண்டியது நகைச்சுவையாளரை இல்லை. மனிதர்கள் அவசரமில்லாமல் ஒருவரையொருவர் சந்திக்கிற இடம் எது, நேரம் எது என்பதைத்தான் தேட வேண்டும்.

ஒரு சின்ன நோட்டில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதே எங்கே சிரிப்புச் சத்தம் கேட்கிறது? யார் உள்ளே வந்ததும் அது நின்றுவிடுகிறது? யாருடைய மேசைக்குப் பக்கத்தில் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று போகிறார்கள்? யார் நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்? எந்த வேலை வந்தால் எல்லோர் முகமும் சுருங்குகிறது?

இரண்டாவது கேள்விக்கான பதில் உங்கள் பெயராகவே இருக்கலாம். புதிதாக மேலே வந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வருத்தப்பட வேண்டாம், ஆனால் நோட்டில் எழுதிவிடுங்கள்.

இந்த ஒரு வாரத்தைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நல்ல விஷயத்தையே அறியாமல் கெடுத்துவிடுகிறார்கள். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெஞ்சு கிடந்தது. நகல் வரும்வரை அதில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவோம். அலுவலகத்தைப் புதுப்பித்தபோது பெஞ்சைத் தூக்கிவிட்டு, வேறொரு தளத்தில் "ஓய்வறை" கட்டினார்கள். அழகான அறைதான். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் எழுந்து, எல்லோரும் பார்க்க நடந்துபோக வேண்டும். யாரும் போகவில்லை. பெஞ்சில் நடந்த பேச்சும் அதோடு நின்றுபோனது.

இரண்டாம் படி: பயத்தையும் குறையையும் முதலில் தீருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஆகும். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக விளையாட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அது பலிப்பதில்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் பேராசிரியர், தன் ஆராய்ச்சியின் தொடக்க காலத்தில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: அங்கே இருந்தவர்கள் தவறை ஒளிக்காமல் பேசினார்கள். மற்ற குழுக்களில் மறைத்தார்கள். "இங்கே வாயைத் திறந்தால் அவமானப்பட மாட்டேன்" என்ற நம்பிக்கையைப் பற்றி 1999இல் அவர் விரிவாக எழுதினார். கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கித் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுவுக்கு முதல் அடையாளமாக வந்து நின்றதும் இதே நம்பிக்கைதான்.

சிரிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு கூட்டத்தில் அசட்டுத்தனமாக எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்க ஒருவருக்குத் தைரியம் வேண்டும். தவறைச் சொல்லவே பயப்படுகிற இடத்தில் அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? 1940இல் ஃபோர்டு ஆலையில் ஒரு தொழிலாளி வேலை நேரத்தில் புன்னகைத்ததற்காக வேலையை இழந்தார். இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் இரண்டு பேர் சிரித்துப் பேசும்போது மேலாளர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தால் போதும், அதே செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

ஒவ்வொருவரிடமும் தனியாக 15 நிமிஷம் பேசுங்கள். "இங்கே உங்களை எரிச்சலூட்டுகிற ஒரு சின்ன விஷயம் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். "சின்ன" என்ற சொல் முக்கியம். பெரிய குறை என்று கேட்டால் சம்பளம், பதவி உயர்வு என்று உங்கள் கைக்கு எட்டாதவை வரும், நீங்களும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சின்னதைக் கேட்டால் ஆடும் நாற்காலி, கடைசி நேரத்தில் மாறும் ஷிப்ட் அட்டவணை, மாலை ஆறு மணிக்கு மேல் வரும் செய்திகள், யாருக்கும் பயனில்லாத திங்கட்கிழமைக் கூட்டம் என்று வரும். அவற்றில் மூன்றையாவது ஒரு மாதத்துக்குள் தீர்த்துவையுங்கள். தீர்த்ததும் "நீங்கள் சொன்னீர்களே, அது சரியாகிவிட்டது" என்று சொன்னவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும்போது பலூன் கட்டினால் அது கேலியாகத்தான் தெரியும். குறைகள் தீரத் தீர, நீங்கள் எதுவும் செய்யாமலே பேச்சு கொஞ்சம் இலகுவாவதைப் பார்ப்பீர்கள்.

அப்புறம், உங்கள் தவறு ஒன்றை எல்லோர் முன்னிலும் சாதாரணமாகச் சொல்லுங்கள். "நேற்று அந்தக் கணக்கைத் தப்பாக அனுப்பியது நான்தான், திருத்திவிட்டேன்." அவ்வளவுதான். நாடகம் வேண்டாம், நீண்ட மன்னிப்பும் வேண்டாம். மேலே இருப்பவர் இப்படிச் சொல்லும்போது அறையில் இருக்கும் தோள்கள் கொஞ்சம் தளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மூன்றாம் படி: வேலைக்குள்ளேயே இருக்கும் இன்பத்தைத் தேடுங்கள்

கலகலப்பு என்றதும் வேலையை நிறுத்திவிட்டுச் செய்யும் ஏதோ ஒன்று என்றே நினைக்கிறோம். நாளில் எட்டு மணி நேரம் வேலையில்தான் போகிறது. அதில் சுவை இல்லாமல், நடுவில் பத்து நிமிஷம் மட்டும் சுவை சேர்த்து என்ன பயன்?

தெரசா அமபைல், ஸ்டீவன் க்ரேமர் என்ற இரு ஆய்வாளர்கள் 7 நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் டைரி எழுதவைத்து, ஏறத்தாழ 12,000 பதிவுகளைப் படித்துப் பார்த்தார்கள். மனிதர்கள் "இன்று நல்ல நாள்" என்று உணர்ந்த நாட்களில் அடிக்கடி நடந்திருந்தது எது தெரியுமா? வேலை ஓரடி முன்னே நகர்ந்திருந்தது. மிகச் சிறிய நகர்வுகூட மனதை மாற்றியது.

அதனால் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுவரில் ஒரு பலகை வையுங்கள். முடித்த வேலையை ஒவ்வொருவரும் தன் கையால் அதில் எழுதட்டும். "பாக்கி" பட்டியல் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது, "முடிந்தது" பட்டியல் எங்குமே இல்லை. வெள்ளிக்கிழமை போகும் முன் அந்தப் பலகையின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று படித்துவிட்டுப் போங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஒருவர் விளையாட்டாக, முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் பட்டப்பெயர் வைக்க ஆரம்பித்தார். மூன்று மாதமாகத் தீராத ஒரு பில்லுக்கு "பாட்டன் சொத்து" என்று பெயர். அது பலகையில் ஏறிய அன்று மொத்தத் தளமும் கைதட்டியது.

வேலையே ஒரே மாதிரியானது, மாற்ற வழியில்லை என்றால்? ராய் தன் இயந்திரத்தின் முன்னால் செய்ததைச் செய்யலாம். துண்டுகளின் நிறத்தையும் அச்சின் வடிவத்தையும் மாற்றிமாற்றி, "இந்த நிறத்தில் இத்தனை முடித்தால் அடுத்தது வேறு நிறம்" என்று தனக்குத்தானே ஒரு விளையாட்டை அமைத்துக்கொண்டார். தரவு உள்ளிடுவது, பொட்டலம் கட்டுவது, ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்வது போன்ற எதற்கும் இது பொருந்தும். ஆனால் விளையாட்டின் விதியை வேலை செய்கிறவரே வகுக்க வேண்டும். நீங்கள் வகுத்தால் அது இலக்கு ஆகிவிடும்.

சவாலின் அளவும் முக்கியம். மிஹாலி சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர், மனிதர்கள் நேரம் போவதே தெரியாமல் ஒன்றில் மூழ்கிப்போகும் நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். திறமைக்குச் சற்றே மேலான சவால் இருக்கும்போது அந்த நிலை வருகிறது. சவால் மிகக் குறைந்தால் சலிப்பு, மிகக் கூடினால் பதற்றம். 1989இல் அவர் ஜூடித் லெஃபெவ்ருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மக்கள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் இந்த நிலையை அதிகம் அடைந்தார்கள் என்று தெரிந்தது. உங்கள் குழுவில் யாருக்கு வேலை எளிதாகிச் சலித்துவிட்டது, யார் தலைக்கு மேல் வெள்ளம் போய் மூச்சுத்திணறுகிறார் என்று பாருங்கள். இரண்டு பேருடைய வேலையில் கொஞ்சம் கைமாற்றினாலே இருவரும் நன்றாக ஆகிவிடுவார்கள்.

நான்காம் படி: சின்னதாக, தவறாமல் ஒன்று

இப்போதுதான் பொதுவாக எல்லோரும் "ஃபன்" என்று சொல்லும் விஷயத்துக்கு வருகிறோம். ஆண்டுக்கு ஒரு பெரிய விழாவைவிட, வாரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் எவ்வளவோ மேல் என்பது என் திடமான எண்ணம். விழா முடிந்ததும் படங்கள்தான் மிஞ்சும். வாராவாரம் வருவதை மனிதர்கள் எதிர்பார்க்க ஆரம்பிப்பார்கள், அந்த எதிர்பார்ப்பிலேயே பாதி சந்தோஷம் இருக்கிறது.

எதில் தொடங்குவது? உங்கள் நோட்டைப் பாருங்கள். எங்கே சிரிப்பு ஏற்கெனவே கேட்டதோ, அதையே கொஞ்சம் வளர்த்துவிடுங்கள். இரண்டு பேர் மதிய இடைவேளையில் குறுக்கெழுத்துப் போடுகிறார்கள் என்றால், பெரிய தாளில் ஒரு குறுக்கெழுத்தைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டிவிடுங்கள். போகிற வருகிறவர்கள் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டுப் போவார்கள். தப்பாக நிரப்பியது யார் என்று ஒரு விசாரணை நடக்கும். அதுதான் வேண்டியது.

சேர்ந்து சாப்பிடுவதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கெவின் நிஃபின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அமெரிக்காவின் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடும் குழுக்கள் வேலையிலும் மேலானவை என்று அவர்களின் அதிகாரிகள் மதிப்பிட்டிருந்தார்கள். எது எதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு தீர்த்துச் சொல்லிவிடவில்லை. ஆனாலும் மதிய இடைவேளையில் கூட்டம் வைக்காமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இன்னும் சில யோசனைகள், பலித்ததை நான் பார்த்தவை மட்டும்: கூட்டம் தொடங்கும் முன் இரண்டு நிமிஷம், இந்த வாரம் வேலையில் நடந்த வேடிக்கை ஒன்றை விரும்பினவர் சொல்வது. புதிதாகச் சேர்ந்தவருக்கு "இங்கே யாரிடம் எதைக் கேட்டால் நடக்கும்" என்று எல்லோரும் ஒரு வரி எழுதித் தரும் தாள். ஒருவர் தனக்குத் தெரிந்த, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை மாதம் ஒருமுறை கால் மணி நேரம் கற்றுத்தருவது. இந்தக் கடைசி யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் இருந்தவர் பழைய கடிகாரங்களைப் பிரித்துச் சரிசெய்வார் என்று அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: "வரவில்லை" என்று சொல்ல இடம் கொடுங்கள்

எனக்கு முதன்முதலில் இந்தப் பொறுப்பு வந்தபோது ஒரு மாதம் திட்டமிட்டு அரைநாள் விளையாட்டு நிகழ்ச்சி நடத்தினேன். எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை போனது. அதை நான் தடுக்கவில்லை, சொல்லப்போனால் மகிழ்ந்தேன். ஒரு சுற்றில் சீட்டு எடுத்து, வந்த பெயருக்குரியவர் முன்னால் வந்து பாட வேண்டும். அதிகம் பேசாத ஒரு பெண்ணின் பெயர் வந்தது. வேண்டாம் என்றார். எல்லோரும் கைதட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். எழுந்து வந்து இரண்டு வரி பாடினார். குரல் நடுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை அப்படியே கிடந்ததால் மூன்று பேர் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து முடித்தார்கள். மறுநாள் நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். அதற்குப் பிறகு எங்கள் தளத்தில் நடந்த எந்த நிகழ்ச்சிக்கும் அவர் வந்ததில்லை.

ஈதன் மாலிக், நான்சி ராத்பார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விற்பனைப் பிரிவில் விளையாட்டை நுழைத்துச் சோதித்தார்கள். விளையாட்டை மனதார ஏற்றுக்கொண்டவர்களுக்கு வேலையில் உற்சாகம் கூடியது. ஏற்காதவர்களுக்கு முன்பு இருந்ததும் குறைந்தது. பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தந்த ஒரு தீர்ப்பும் இங்கே பொருந்தும். நிறுவனத்தின் கேளிக்கைகளிலும் மதுக் கொண்டாட்டங்களிலும் கலந்துகொள்ள மறுத்த ஓர் ஊழியரை வேலையைவிட்டு நீக்கியது தவறு, அது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்று நீதிமன்றம் சொன்னது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். அழைப்பில் "விருப்பமிருந்தால்" என்று எழுதினால் மட்டும் போதாது, வராதவரிடம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது, நீங்களும் சேர்த்து. எதுவாக இருந்தாலும் வேலை நேரத்துக்குள் வையுங்கள். வீட்டில் குழந்தை, வயதான பெற்றோர், கடைசிப் பேருந்து என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மாலை இருக்கிறது. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவும் இடம் இருக்கட்டும். ஓரத்தில் நின்று சிரிப்பவரும் அதில் கலந்துகொண்டவர்தான். அமைதியான சுபாவம் உள்ளவர்களுக்கு, பேசத் தேவையில்லாத ஒன்றையாவது வைத்திருங்கள். சுவர்க் குறுக்கெழுத்து அப்படிப்பட்டது.

பரிசு விஷயத்திலும் கவனம் தேவை. 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் இருந்தவர்களும், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களில் பாதியாகக் குறைந்துவிட்டது. விளையாட்டுக்குப் பணமோ புள்ளியோ வைத்தால், அதை நிறுத்தும் நாளில் விளையாட்டும் நின்றுவிடும். ஜெயித்தவருக்கு ஒரு அசட்டுக் கோப்பை போதும். நிறைய கை மாறிய, கொஞ்சம் நசுங்கிய கோப்பையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆறாம் படி: கேலிக்கு எல்லை

வாழைப்பழ நேரத்தின் கதை முடியவில்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்குத் தன் மகளின் மாமனார் பேராசிரியர் என்பதில் பெருமை அதிகம். ஒருநாள் மற்றவர்கள் அந்தப் பேராசிரியரைத் தாழ்த்தி ஒரு கட்டுக்கதையை விளையாட்டாகச் சொன்னார்கள். ராயும் அதில் உடந்தை. பெருமைப்பட்டவர் சிரிக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த அறையில் விளையாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அதே வேலை, அதே மணி நேரம், ஆனால் உடல் களைப்பும் சலிப்பும் திரும்ப வந்ததாக ராய் எழுதுகிறார்.

பழத்தைத் திருடுவது வேறு, ஒருவர் பெருமையாக வைத்திருப்பதைத் தொடுவது வேறு. உடல், நிறம், உச்சரிப்பு, சாதி, மதம், குடும்பம், திருமணம், சம்பளம் இவற்றில் கேலி வேண்டாம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கீழே இருப்பவரை மேலே இருப்பவர் கிண்டல் செய்யக் கூடாது. கீழே இருப்பவர் சிரித்தாலும் அது சம்மதம் ஆகாது, அவருக்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம். எப்போதும் ஒரே ஆள்தான் கிண்டலுக்கு ஆளாகிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் அங்கே நடப்பது விளையாட்டு இல்லை.

யாராவது எல்லை மீறினால் அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல் "அது வேண்டாம்" என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். விரிவான பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு உங்கள் மௌனம்தான் நினைவிருக்கும்.

தூரத்தில் இருப்பவர்கள், இரவு ஷிப்டில் இருப்பவர்கள்

இவர்களை மறந்துவிடுவது எளிது. பகல் ஷிப்டுக்கு நடந்ததன் புகைப்படத்தை இரவு ஷிப்டின் குழுவுக்கு அனுப்புவது அவர்களைச் சேர்த்துக்கொள்வது ஆகாது. அவர்கள் நேரத்தில் அவர்களே ஒன்றைத் தொடங்கட்டும், நீங்கள் மாதம் ஒருமுறையாவது அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வீடியோ அழைப்பு தண்டனை மாதிரி. இருக்கிற அழைப்பையே ஐந்து நிமிஷம் முன்னதாகத் திறந்துவைத்து, சும்மா பேசலாம். வாட்ஸாப்பில் வேலைக்கு ஒரு குழுவும் அரட்டைக்கு ஒரு குழுவும் தனித்தனியாக இருக்கட்டும், அரட்டைக் குழுவில் சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம். அதில் மேலாளர் வேலை பற்றிப் பேசவே கூடாது. ஒருமுறை பேசினால் போதும், அதுவும் அலுவலகம் ஆகிவிடும்.

எப்போது நிறுத்தி வைப்பது

சிலரை வேலையைவிட்டு அனுப்பிய வாரத்தில், சம்பளம் தாமதமான மாதத்தில், குழுவில் யாருக்காவது துக்கம் நேர்ந்திருக்கும்போது எதையும் நடத்தாதீர்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வதும், கூட இருப்பதும்தான் வேண்டும். துக்கத்தில் இருப்பவர் தானாக ஒருநாள் சிரிப்பார். அதுவரை பொறுத்திருங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? படிவம் கொடுத்து "நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா, 1 முதல் 5 வரை" என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று மாதம் கழித்து அந்தப் பழைய நோட்டை எடுத்து, அதே ஐந்து கேள்விகளுக்கும் மறுபடி பதில் எழுதிப் பாருங்கள். நீங்கள் உள்ளே வரும்போது சிரிப்பு இப்போதும் நிற்கிறதா? யாரிடமும் பேசாமல் போனவர் இப்போது யாரிடமாவது பேசுகிறாரா? கெட்ட செய்தி உங்களிடம் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நல்ல அறிகுறி.

நீங்கள் தொடங்கியது ஒருநாள் தேய்ந்து நின்றுபோகும். குறுக்கெழுத்துத் தாளில் இரண்டு வாரமாக யாரும் எழுதாமல் இருப்பார்கள். கழற்றி எடுத்துவிடுங்கள், யாரையும் குறை சொல்ல வேண்டாம். அந்த இடத்தைக் கொஞ்ச நாள் காலியாகவே விடுங்கள். அடுத்து அங்கே எதையாவது ஒட்டுகிறவர் நீங்களாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்தால், போய் நின்று படியுங்கள்.